எம் வீட்டிற்கு வந்த பழைய வழக்கு



கரக்பூர் இரயில்வே காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் எம்முடையதும் ஒன்று. யாம் அலுவலகத்தில் பாஸ் எழுதும் மேசைக் குமாஸ்தா. வயது 37, படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. எம் தந்தையார் இங்குள்ள பணிமனையில் பிட்டராக இருந்தவர். பணிக் காலத்திலேயே மாரடைப்பினால் காலமானார். அப்போது எமக்கு வயது 19. சர்க்கார் விதிப்படி ‘கருணை அடிப்படையில்’ எமக்கு இந்த வேலை கிட்டிற்று. இச்சொற்களை அன்பர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவை பயன்படும்.

எம் முன்னோர் தூத்துக்குடிக் கத்தோலிக்கர். எம் துணைவியாரோ நாசரேத்தில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவர், அதாவது புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர். ஆயரின் அனுமதி பெற்று எம் திருமணம் நடந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் எம் தாயாரும் யாமும் பூசைக்குச் செல்வோம். துணைவியார் தம் சபையின் ஆராதனைக்குச் செல்வார். எம் மகள் காலையில் எம்மோடும், பின்னர் தன் தாயோடும் செல்வாள். வீட்டு அலமாரியில் இரண்டு வேதாகமங்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று ‘கிருபை’ என்பதை மற்றது ‘அருள்’ என்கிறது. ஒன்று ‘இரட்சிப்பு’ என்பதை மற்றது ‘மீட்பு’ என்கிறது. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே என்று எண்ணி, மேற்கொண்டு ஆராயாமல் வாழ்ந்து வந்தோம். 

அந்த அமைதி சென்ற ஆண்டு அக்டோபர்த் திங்களில் கலைந்தது. அம்மாதம் 19ஆம் நாள் எம் தாயார் காலமானார்.

இரு நாட்களுக்கு முன் மருத்துவமனைப் படுக்கையில் அவர் எம் கையைப் பற்றிக்கொண்டு ஒன்று சொன்னார். “தம்பி, கொண்டுபோய்க் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவராகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு.” எம்மைத் ‘தம்பி’ என்றே அவர் அழைப்பது வழக்கம். அந்தச் சொல்லின் கனம் அப்போது எமக்கு விளங்கவில்லை. நோயின் அயர்வில் பேசுகிறார் என்றே எண்ணினோம்.

செய்தி கேட்டு இருவர் ஊரிலிருந்து புறப்பட்டனர். ஒருவர் தாயாரின் தம்பி, அதாவது எம் தாய்மாமன். உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மற்றவர் எம் மாமனார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மாமன் முத்துநகர் வண்டியிலும், மாமனார் செந்தூர் வண்டியிலுமாகச் சென்னை வந்து, அங்கிருந்து ஒரே ஹவுரா மெயிலில் வந்து சேர்ந்தனர். வழியில் ஒரே பொட்டலத்துப் புளியோதரையைப் பகிர்ந்து உண்டதாகச் சொன்னார்கள். நல்லடக்கம் முடிந்துவிட்டிருந்தது. இருவரும் கல்லறைக்குச் சென்று அழுதனர். அதுவரை யாதொரு வேறுபாடும் இல்லை.

24ஆம் தேதி மாலை, தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கையில் மாமன் பேச்சைத் தொடங்கினார். 

“அண்ணாச்சி, நவம்பர் 2ஆம் தேதி ஆத்துமாக்கள் திருநாள். அன்று தொடங்கி முப்பது நாளும் அக்காவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லப்போகிறேன்.”

மாமனார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “தம்பி, நீங்கள் வருத்தப்படக் கூடாது. சம்பந்தியம்மாள் தம் இரட்சகரிடம் சேர்ந்துவிட்டார்கள் என்று நான் நம்புகிறேன். சிலுவையில் அவர் செய்து முடித்ததோடு நாம் முப்பது நாளில் கூட்டிக் கொடுக்க என்ன இருக்கிறது?” என்றார்.

“அப்படியானால் அக்கா ஆயுள் முழுதும் செய்த தருமமும் செபமும் வீணா?”

“வீண் என்று நான் சொல்லவில்லை. விலை என்று நீங்கள் சொல்லாதீர்கள் என்கிறேன்.”

இத்தோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் துக்க வீட்டில் மனம் புண்ணாக இருக்கும், தொட்டால் வலிக்கும். “வாயால் நம்பினேன் என்றால் போதும், எப்படி நடந்தாலும் மோட்சம் என்பதுதானே உங்கள் சபை!” என்றார் ஒருவர். “காணிக்கை கொடுத்தால் கதவு திறக்கும் என்பதுதானே உங்கள் சபை!” என்றார் மற்றவர். குரல்கள் உயர்ந்தன. உத்தரிக்கிற ஸ்தலம் என்ற பேச்சும் எழுந்தது. எம் பத்து வயது மகள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை.

அன்று இரவு அவள் உறங்கவில்லை. நள்ளிரவில் தன் தாயிடம், “அம்மா, ஆச்சி இன்னும் போய்ச் சேரவில்லையா? நெருப்பில் இருக்கிறார்களா?” என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். பெரியவர்கள் இருவரும் வேறு வேறு வேளையில் உண்ணத் தொடங்கினர். எம் துணைவியார் அடுக்களையில் கண்ணீர் விட்டார். தந்தை பக்கம் பேசினால் கணவனுக்கு வலிக்கும். பேசாவிடில் தம் விசுவாசத்துக்கு வலிக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் எம் வீட்டின் வாசலில் காத்திருந்த வழக்கு உள்ளே வந்து அமர்ந்துவிட்டது.

மகளுக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எம்முடையது. எமக்கோ விடை தெரியாது. ஆகவே எம் பங்குக் குருவிடம் ஒரு நூலும், துணைவியாரின் சபைப் போதகரிடம் ஒரு நூலும் கேட்டு வாங்கினோம். இருவரும் முகம் கோணாமல் கொடுத்தனர். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஏழு இரவுகள் படித்தோம். எம் அறிவுக்கு எட்டிய வரையில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஜெர்மனி நாட்டில் விட்டன்பர்க் நகரில் வேதம் கற்பித்த துறவி மார்ட்டின் லுத்தர். 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 95 கருத்துரைகளை அவர் வெளியிட்டார். பாவத்திற்குரிய தண்டனையைக் குறைக்கும் ‘பலன்’ என்று சொல்லி, தெட்சல் என்ற குரு அப்போது சீட்டுகள் கொடுத்துப் பணம் திரட்டி வந்தார். அந்தப் பணத்தில் ஒரு பாதி உரோமையில் புனித பேதுரு ஆலயம் கட்டுவதற்கும், மறு பாதி மைன்ஸ் நகரப் பேராயர் பட்ட கடனைத் தீர்ப்பதற்கும் சென்றது. லுத்தர் இதனை எதிர்த்தார். எதிர்ப்பு வளர்ந்து, மனிதன் கடவுள் முன் நீதிமானாவது எதனால் என்ற மூலக் கேள்விக்குச் சென்றது. விசுவாசத்தினால் மட்டுமே என்றார் அவர். 1522இல் வெளியிட்ட தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், உரோமர் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். பொருள் விளங்க அச்சொல் வேண்டும் என்பது அவர் வாதம். கத்தோலிக்கரோ யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினர். விசுவாசத்தினால் மட்டும் அன்று என அங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. லுத்தர் அந்த நிருபத்தை மற்ற நிருபங்களுக்கு முன் வைக்கோலுக்கு ஒப்பிட்டார். 

இவ்வளவும் எம் மாமனும் மாமனாரும் சிறு வயது முதல் கேட்டவை. அவர்கள் கேளாத சிலவற்றை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலாவது, “எப்படி நடந்தாலும் மோட்சம்” என்று லுத்தர் போதிக்கவில்லை. 1520இல் நற்செயல்களைப் பற்றியே அவர் ஒரு நூல் எழுதினார். 1530இல் அவுஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசிக்கப்பட்ட லுத்தரன் அறிக்கை, விசுவாசம் நற்கனிகளைத் தந்தே தீரும் என்கிறது. மரம் நல்லதானால் கனி நல்லதாகும்; கனியைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தை நல்லதாக்க இயலாது. அவர்கள் கொள்கையின் சாரம் இதுவே.

இரண்டாவது, “காணிக்கை கொடுத்தால் கதவு திறக்கும்” என்று கத்தோலிக்கத் திருச்சபையும் போதிக்கவில்லை. திரெந்து நகரில் கூடிய பொதுச் சங்கம் 1547ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் இப்பொருள் பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட தீர்மானத்தை வெளியிட்டது. அதன் முதல் விதி யாரைக் கண்டிக்கிறது என்று பார்த்தபோது யாம் வியந்து போனோம். கிறிஸ்துவின் அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள் முன் நீதிமானாகலாம் என்று சொல்பவனையே அது கண்டிக்கிறது! நீதிமானாக்கும் அந்த அருளை முன்செல்லும் எதுவும், விசுவாசமோ செயலோ, சம்பாதித்துத் தர இயலாது என்றும் அத்தீர்மானம் கூறுகிறது. பலன்களைக் கொண்டு பணம் திரட்டும் தீய வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அதே சங்கம் 1563இல் ஆணையிட்டது. பூசைக்குத் தரும் காணிக்கையும் குருவின் பிழைப்புக்கே அன்றிப் பூசைக்கு விலை அன்று. 

மூன்றாவது, இவ்விரு சாராரும் ஒருமுறை உடன்பட்டே விட்டனர். 1541இல் ரெகன்ஸ்பர்க் நகரில் இரு பக்கத்து அறிஞரும் கூடிப் பேசினர். கத்தோலிக்கர் பக்கம் கர்தினால் கொன்தரீனி உரோமையின் தூதராக வந்திருந்தார்; மறுபக்கம் மெலாங்தனும் பூட்சரும் பேசினர். மனிதன் நீதிமானாவது பற்றிய பிரிவில் இரு பக்கமும் ஒத்துக்கொண்டன. ஆயினும் நற்கருணை முதலிய வேறு பொருள்களில் பேச்சு முறிந்தது. உடன்பட்ட பிரிவையும் உரோமை ஏற்கவில்லை, லுத்தரும் ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் திரெந்து விதிகள் பிறந்தன. ஒருவரை ஒருவர் சபிப்பது அதன் பின் வழக்கமாயிற்று.

அந்த வழக்கு கப்பலேறி நம் தமிழகத்துக்கும் வந்தது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். லுத்தரன் போதகர்களின் கொள்கையை மறுத்து, 1728இல் வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார். தேம்பாவணி பாடிய கை இதனையும் எழுதியது. தமிழ் அச்சுக்கு அவர்களும் தமிழ் உரைநடைக்கு இவரும் செய்த தொண்டு பெரிது. எனினும், எங்கோ ஜெர்மனியில் மூண்ட சினம் காவிரிக் கரையில் நம் மொழியில் ஏறியதை நினைக்கையில் மனம் வருந்துகிறது. எம் வீட்டுத் தாழ்வாரத்தில் எழுந்த குரல்களும் அதன் எதிரொலியே அன்றோ!

நான்காவது செய்தியே எம்மைப் பெரிதும் தேற்றியது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், அதே அவுஸ்பர்க் நகரில், உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்றுக்கொள்ளப்படுவது அவனுடைய எந்தத் தகுதியினாலும் அன்று. அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் என்பதும், அவ்வாறு ஏற்றுக்கொள்ளும் இறைவன் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்பதும் அதன் கருத்து. இவ்வறிக்கையில் விளக்கியபடி போதிப்பவர்கள்மீது 16ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் சாரா என்றும் கூறினர். 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும், 2017இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் ஐக்கியமும் அதனோடு இணைந்தன. ஆங்கிலிக்கன் சபைகளின் மன்றமும் அதன் சாரத்தை வரவேற்றுள்ளது. 1947இல் பல சபைகள் கூடி உருவான எம் மாமனாரின் தென்னிந்தியத் திருச்சபைக்கு இம்மூன்று குடும்பங்களோடும் உறவுண்டு.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஜெர்மனியின் இறையியல் பேராசிரியர் பலர் இவ்வறிக்கையை எதிர்த்தனர். ஏற்காத லுத்தரன் சபைகளும் உண்டு. வேறுபாடுகளும் நிற்கின்றன. அருள் பெற்ற மனிதன் அதனோடு ஒத்துழைக்கிறான், அந்நிலையில் அவன் செய்யும் நற்செயலுக்குக் கைம்மாறு உண்டு என்பர் கத்தோலிக்கர். ஒத்துழைப்பு என்ற சொல்லே பெருமைக்கு இடமளிக்கும் என அஞ்சுவர் மற்றவர். கொடிய பாவத்தால் அந்த அருளை இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம் என்பது இவர்கள் போதனை. தன் மீட்பைப் பற்றி விசுவாசி உறுதியாக இருக்கலாம் என்பது அவர்கள் ஆறுதல். இறந்தோருக்காகச் செபிப்பதும் உத்தரிக்கிற ஸ்தலமும் இன்றும் பிரித்தே நிற்கின்றன. ஆனால் ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். கத்தோலிக்கப் போதனைப்படி உத்தரிக்கிற ஸ்தலம் என்பது மீட்படைந்தவர்களுக்கு உரிய தூய்மைப்பாடு. அங்கிருப்பவர் எவரும் மோட்சத்தை இழப்பதில்லை. கை கால் கழுவிக்கொண்டு வீட்டினுள் நுழைவதைப் போன்றது அது. இதனை அறிந்த அன்றே மகளை மடியில் வைத்துச் சொன்னோம். அன்று அவள் உறங்கினாள்.

எம் மாடி வீட்டு நண்பர் ஒரு ஸ்ரீவைஷ்ணவர். கணக்குப் பிரிவில் பணி செய்பவர். துக்கம் கேட்க வந்தவரிடம் இவ்வழக்கைச் சொன்னோம். அவர் புன்னகை புரிந்து, “இது உங்களுக்கு மட்டும் வந்த வழக்கா? எங்களிடம் எழுநூறு ஆண்டு பழக்கம்!” என்றார். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. முன்னதை வடகலையாருக்கும் பின்னதைத் தென்கலையாருக்கும் உவமையாகச் சொல்வர். வேதாந்த தேசிகரும் பிள்ளை உலகாசிரியரும் இப்பொருளை நுணுகி ஆய்ந்தவர்கள். “இரண்டிலும் சுமப்பது தாய்தான் ஸார், அதை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறோம்” என்று சொல்லிச் சென்றார். சமயங்கள் வேறு, கொள்கைகளின் நுட்பமும் வேறு. எனினும் அருளை நம்பும் இடமெல்லாம் இக்கேள்வி எழும் என்பது விளங்கிற்று.

நவம்பர் முதல் நாள் இரவு, பெரியவர்கள் இருவரையும் ஒரே வேளையில் உண்ண அழைத்தோம். உண்டபின், படித்தவற்றைச் சொன்னோம். பிறகு எம் சொந்தக் கதையிலிருந்து ஒன்று கேட்டோம்.

“எனக்கு இந்த வேலை எப்படி வந்தது? தேர்வு எழுதி வாங்கினேனா? அப்பா இறந்ததால், கருணை அடிப்படையில் வந்தது. அதற்கு முன் இரயில்வேக்கு நான் ஒரு துரும்பும் நகர்த்தியதில்லை. வேலை கிடைத்த பிறகு பதினெட்டு வருஷமாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். இந்தப் பதினெட்டு வருஷ உழைப்பினால் எனக்கு வேலை கிடைத்தது என்று சொல்லலாமா?”

“சொல்லக் கூடாது, மாப்பிள்ளை. வேலை கிடைத்ததால் உழைக்கிறீர்கள். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்” என்றார் மாமனார்.

“ஆனால், மருமகனே, போகாமல் வீட்டில் படுத்திருந்தால் வேலை நிற்குமா? போனதால்தானே பதவி உயர்வும் வந்தது? அதைத்தான் நாங்கள் சொல்கிறோம்” என்றார் மாமன்.

“அந்த உயர்வும் மேலிடம் கொடுத்தது அல்லவா, தம்பி?”

“அதை யார் மறுத்தார்கள், அண்ணாச்சி? எங்கள் புண்ணியமும் அவர் கொடைதான் என்று எங்கள் சபையும் சொல்கிறதாமே. இவன் இப்போதுதானே வாசித்தான்.”

பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. உவமை முழுதும் பொருந்தாது என்பதை யாம் அறிவோம். இறைவன் ஓர் அலுவலகம் அல்லர். வருகைப் பதிவேடு வைத்து அன்பு செய்பவரும் அல்லர். ஆனால் ஒருவர் இறந்ததனால் மற்றொருவர் வாழ்வு பெறுவது என்ற ஒன்றில் எம் கதையும் அவர்கள் விசுவாசமும் தொட்டு நின்றன. மாமனார் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த எம் தந்தையாரின் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உறங்கச் சென்றார்.

மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். மாமன் விரும்பியபடியே பூசை நடந்தது. மாமனாரை யாம் அழைக்கவில்லை. கோயிலில் பார்த்தபோது அவர் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்தார். கல்லறையில் மாமன் மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவருக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டினார். மாமனார் மெழுகுவத்தி ஏற்றவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, எம் தாயாரின் வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறிச் செபித்தார். இறந்தவருக்காக எதுவும் கேட்கவில்லை. செபம் முடிந்ததும் மாமன் ‘ஆமென்’ என்றார். இருவரும் ஒரே கொள்கைக்கு வந்துவிட்டனர் என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரே கல்லறையின் முன் இருவருக்கும் இடம் இருந்தது என்பதே மெய்.

அப்போது ஒரு தெலுங்குப் பெண்மணி சாமந்தி மாலையோடு வந்து நின்றார். எம் தெருக்கோடியில் வாழும் குடும்பத்தின் மருமகள் அவர். அவருடைய மாமியார் பக்கவாதத்தால் ஏழு மாதமாகப் படுக்கையில் இருப்பவர். மாலையைச் சாத்திவிட்டு அவர் சொன்னதைக் கேட்டு யாங்கள் திகைத்தோம். தாம் வேலைக்குச் சென்றிருக்கும் மாலை வேளைகளில், எம் தாயாரே அந்த மூதாட்டியைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி வந்தாராம். “செபமாலை சொல்லிவிட்டு வருகிறேன்” என்று தாயார் தினமும் புறப்பட்டதை யாங்கள் அறிவோம். செபமாலையும் சொல்லியிருக்கிறார், அந்த மூதாட்டியின் தலைமாட்டில் அமர்ந்து சொல்லியிருக்கிறார். மற்றதை எவரிடமும் சொல்லவில்லை.

மாமன் கண்களைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா அண்ணாச்சி, அக்காவின் கிரியையை!” என்றார்.

“பார்த்தேன் தம்பி. அதை அவர்கள் கணக்கில் எழுதவே இல்லை என்பதையும் பார்த்தேன்” என்றார் மாமனார். பல நாட்களுக்குப் பின் இருவர் முகத்திலும் ஒரு சிறு மலர்ச்சி தோன்றியது.

அந்த நொடியில்தான் தாயார் கடைசியாகச் சொன்னது எமக்கு விளங்கிற்று. நற்கிரியையைப் போற்றும் சபையில் வளர்ந்த அவர், காட்ட ஒன்றும் இல்லை என்று சொல்லி அருளை மட்டும் நம்பிக் கண் மூடினார். கிரியையால் ஆவது ஒன்றுமில்லை என வாதிடும் எம் மாமனாரோ, தம் ஓய்வூதியத்தில் ஏழைப் பிள்ளைகள் இருவருக்குப் பள்ளிச் சம்பளம் கட்டி வருகிறார். அதனைத் துணைவியார் சொல்லித்தான் யாம் அறிவோம். ஏட்டில் எதிரெதிரே நிற்பவர்கள் வாழ்வில் இவ்வளவு நெருங்கி நடக்கின்றனர். ஏட்டு வேறுபாடு பொய் என்று சொல்லவில்லை. அதற்காக அறிஞர் ஐந்நூறு ஆண்டு உழைத்தது வீணும் அன்று. ஆனால் ஒருவர் சபை போதிக்காத ஒன்றைப் போதிப்பதாகச் சொல்லி, அதனை மறுத்து வெற்றி கொள்வது மட்டும் வேண்டாம். எம் வீட்டில் எழுந்த சண்டையில் பாதி அதனால் விளைந்தது.

வெளி மாநிலத்தில் வாழும் நம் போன்ற குடும்பங்களில் இன்று ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும், சைவமும் வைணவமும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. ஊரில் தெருக்கள் பிரிந்திருக்கும். இங்கே ஒரே குழாயடி. துக்கம் வரும் நாளில் பழைய வழக்குகளும் உடன் வரும். அந்நாளில் குழந்தைகள் கதவருகே நின்று கேட்கிறார்கள் என்பதை மறவாதிருப்போமாக.

பெரியவர்கள் இருவரும் ஒரே வண்டியில் ஊர் திரும்பினர். அதன் பின் ஒரு நாள், அலுவலகத்தில் எம் குடும்பப் பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று. பிறர் பட்டியல்களில் எத்தனையோ பெயர்களை நீக்கிய கை இது. ‘தாயார்’ என்ற வரியை நீக்கும்போது கை நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகள் எம் பெயரால் எழுதிய பாஸில் அவர் ஊருக்குச் சென்று வந்தார். சீட்டு வாங்கிச் சென்றாரல்லர். எம்மவர் என்பதனால் சென்றார்.

மாலையில் மகள் மீண்டும் கேட்டாள்: “அப்பா, ஆச்சி போனது நம்பினதாலா, நல்லது செய்ததாலா?” 

“கூப்பிட்டவர் நல்லவர், அம்மா, அதனால் போனார்கள். கூப்பிட்ட குரல் காதில் இருந்ததால் வழியெல்லாம் நல்லது செய்துகொண்டே போனார்கள்” என்றோம்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு அடுக்களைக்குச் சென்று தன் தாயிடம் ஒரு பாத்திரத்தில் கஞ்சி கேட்டு வாங்கிக்கொண்டு, தெருக்கோடி வீட்டை நோக்கி நடந்தாள்.